பாம்பன் பாலமும் அதற்கு முந்தைய தண்ணீர்ப் பாதையும்



சென்ற வாரம் என் பேரன் ராமேஸ்வரம் போய்விட்டு வந்தான். புதிய பாம்பன் பாலம் உயர்வதை செல்போனில் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டிருந்தான். கூடவே ஒரு கேள்வி: "தாத்தா, பாலம் கட்டினது ரயில் போறதுக்கு. அதை எதுக்குத் தூக்கணும்?" குரல் பதிவில் பதில் சொல்லத் தொடங்கினேன். நாலு பதிவு ஆகியும் முடியவில்லை. சரி, எழுதியே விடுவோம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்ட மாதிரி இங்கேயும் பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் நான் 40 வருஷமாகத் தராமல் வைத்திருந்த ஒரு பதிலும் இருக்கிறது.

முதலில் வரைபடத்தை மனதில் கொண்டு வாருங்கள். ராமநாதபுரத்திலிருந்து கிழக்கே நிலம் ஒரு மூக்குப் போல நீண்டு மண்டபத்தில் முடிகிறது. எதிரே பாம்பன் தீவு. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 2 கிலோமீட்டர் கடல். இந்த இடைவெளிக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. நம் ஊர்க்காரர்கள் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்பார்கள், அது பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தெற்கே இருப்பது ஆண்கடல், அலை அதிகம். இரண்டு கடலும் கை கொடுத்துக்கொள்ளும் இடம்தான் பாம்பன் கால்வாய். வாடைக் காற்றுக் காலத்தில் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். கச்சான் அடிக்கும்போது தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும். சிறு வயதில் கரையில் நின்று, தண்ணீர் ஆறு போல ஓடுவதைப் பார்த்து, கடலுக்கு ஏது ஓட்டம் என்று நானே அதிசயப்பட்டிருக்கிறேன்.

ஒரு காலத்தில் இங்கே கடல் இடைவெளியே இல்லை, நடந்தே போகலாம், 1480-ல் வந்த பெரும்புயலில்தான் நிலம் உடைந்தது என்று கோயில் ஆவணங்களை ஆதாரமாகக் காட்டிச் சொல்வார்கள். எப்படியோ, நமக்குத் தெரிந்த காலம் முழுவதும் இங்கே கடல் இருந்திருக்கிறது. கடல் இருந்ததால் தோணியும் இருந்தது.

தீவுக்குக் கிழக்கே ராமர் சேது எனும் மணல்திட்டு வரிசை மன்னார் வரை போகிறது. அங்கே கடல் ஆழமில்லை, பெரிய கப்பல் போக முடியாது. தூத்துக்குடியிலிருந்து நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ போக வேண்டிய பெரிய கப்பல் இன்றைக்கும் இலங்கையைச் சுற்றித்தான் வருகிறது. சின்னக் கலங்களுக்கு அந்தச் சுற்று வேண்டாம். அவற்றுக்கு இந்தப் பாம்பன் வாய் ஒரு கதவு. ஆகவே இது வெறும் இடைவெளியல்ல, ஒரு பாதை. கிழக்குக் கடற்கரையையும் மேற்குக் கடற்கரையையும் சேர்க்கும் குறுக்குவழி. இந்தப் பாதையின் காவல் சேதுபதி மன்னர்களிடம் இருந்தது. சேதுவுக்கு அதிபதி என்பதுதானே அந்தப் பெயருக்கே பொருள். காசிக்குப் போனவர்கள் ராமேஸ்வரம் வந்து முடித்தால்தான் யாத்திரை நிறைவு. அவர்களுக்காக வழி நெடுகச் சத்திரங்கள் கட்டி வைத்தார்கள் சேதுபதிகள். சத்திரத்தில் தங்கி, சாப்பிட்டு, மண்டபம் வந்து, தோணி ஏறி அக்கரை போக வேண்டும். மண்டபத்தில் தோணித்துறை என்ற பெயரில் இன்றும் ஓர் ஊர் இருக்கிறதே, அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

1897 ஜனவரி 26-ல் சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டுப் பயணம் முடித்து இந்திய மண்ணில் கால் வைத்த இடம் பாம்பன். பாஸ்கர சேதுபதி நேரில் வந்து வரவேற்றார். சுவாமிஜி வந்தது இலங்கையிலிருந்து கடல் வழியாக. அப்போது பாலம் ஏது?

ஆங்கிலேயர்களுக்கும் இந்தக் கதவின் அருமை தெரிந்திருந்தது. பிற்காலத்தில் கொள்ளிடத்தில் மேலணையும் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையும் கட்டிய ஆர்தர் காட்டன், 1820-களில் இளம் பொறியாளராக இருந்தபோது இந்தக் கால்வாயை அளவெடுத்தவர். 1830-களிலிருந்து பாறைகளை உடைத்து ஆழப்படுத்தினார்கள். அப்படியும் பெரிய கப்பல் போகும் ஆழம் கிடைக்கவில்லை. 1860-ல் டெய்லர் என்ற கடற்படை அதிகாரி, இந்தப் பகுதியில் கப்பல் போகப் புதிய கால்வாயே வெட்டலாம் என்று திட்டம் கொடுத்தார். பிறகு எத்தனையோ திட்டங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1955-ல் ராமசாமி முதலியார் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 2005-ல் சேது சமுத்திரத் திட்டம் தொடங்கப்பட்டு, 2007-ல் நீதிமன்ற உத்தரவால் பணி நின்றது. அதன் சரி தவறை இங்கே பேசப் போவதில்லை. அது வேறு பாடம். கப்பல் போகும் வழிக்காக இவ்வளவு பேர் இவ்வளவு காலம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ரயிலுக்கு வருவோம். அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து இலங்கை போக வேண்டுமானால் ரயிலில் தூத்துக்குடி வரை போய், அங்கே கப்பல் ஏறிக் கொழும்பு சேர வேண்டும். போட் மெயில் என்ற பெயர் அப்படி வந்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கப்பட்டுப் போன நம் ஏழை மக்களோ, இந்தப் பக்கத்துக் கரைகளிலிருந்து தோணியில் மன்னார் போய் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 35 கிலோமீட்டர்தான். தனுஷ்கோடி வரை ரயில் விட்டால், மீதிக்குக் கப்பல் போதும். அதற்குக் குறுக்கே நின்றது பாம்பன் கால்வாய் ஒன்றுதான்.

1911-ல் வேலை தொடங்கி, 1914 பிப்ரவரி 24-ல் பாலம் திறக்கப்பட்டது. 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். இந்தியாவின் முதல் கடல் பாலம். மும்பையில் பாந்த்ரா-வொர்லி பாலம் 2009-ல் வரும் வரை நாட்டின் மிக நீளமான கடல் பாலமும் இதுதான். இந்த இடத்தில்தான் என் பேரனின் கேள்விக்குப் பதில் வருகிறது. ரயில் வடமேற்கிலிருந்து தென்கிழக்கே போகிறது, கலங்கள் வடக்கு தெற்காகப் போகின்றன. பாலத்தை நேராகக் கட்டி முடித்துவிட்டால் பாய்மரத் தோணிக்கு வழியில்லை. ஆகவே நடுவே ஒரு பகுதியைத் திறக்கும்படி வைத்தார்கள். ஷெர்சர் என்ற அமெரிக்கரின் வடிவமைப்பு அது. இரண்டு இரும்புக் கைகள், ஒவ்வொன்றும் 400 டன்னுக்கு மேல் எடை. கப்பல் வந்தால் இரண்டும் பின்பக்கம் உருண்டு வணக்கம் வைப்பது போல மேலே எழும். எடைக்கு எதிர் எடை சரியாக வைத்திருந்ததால் மின்சாரமே இல்லாமல், இருபுறமும் ஆட்கள் நின்று லிவரைச் சுற்றியே திறந்துவிடுவார்கள்.

அந்த லிவரைச் சுற்றியவர்களில் ஒருவர் என் அப்பா. உறவினர்களுக்குத் தெரியும், மாணவர்கள் பலருக்குத் தெரியாது. ரயில்வேயில் கலாசி. உள்ளங்கை காய்த்துப் போய் மரக்கட்டை மாதிரி இருக்கும். அந்தக் கையால் தலையைத் தடவினால் எனக்கு முடி பிய்ந்து வரும். இரும்பு மிக வேகமாகத் துருப்பிடிக்கும் இடங்களில் பாம்பனும் ஒன்று. வருஷம் முழுக்கச் சுரண்டிச் சுரண்டிச் சாயம் அடித்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு முனையில் முடிக்கும்போது மறுமுனை மறுபடி துருப்பிடித்திருக்கும் என்பார் அப்பா.

ஆகவே எனக்குப் பாலம் என்றால் எங்கள் வீட்டுச் சோறு. வகுப்பில் பாம்பன் பாலத்தைப் பற்றிப் பாடம் எடுத்தால் குரல் தானாக உயர்ந்துவிடும். 1980-களில் ஒரு நாள் எட்டாம் வகுப்பில் அப்படித்தான் ஆண்டு, நீளம், எடை எல்லாம் சொல்லி, "இந்தப் பாலம் வந்த பிறகுதான் ராமேஸ்வரம் உலகத்தோடு இணைந்தது" என்று முடித்தேன். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"அப்ப பாலத்துக்கு முன்னாடி யாருமே ராமேஸ்வரம் போகலையா சார்?"

"தோணியில் போனார்கள். உட்கார்."

"எங்க தாத்தாவோட அப்பாதான் சார் தோணி ஓட்டுனாரு. பாலம் வந்ததும் அவருக்கு என்ன சார் ஆச்சு?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, பாடத்துக்கு வெளியே பேசாதே என்று சொல்லி அடுத்த பக்கம் திருப்பச் சொன்னேன். எனக்குப் பதில் தெரியாது என்பதுதான் உண்மை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பையன் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான். என் ஒரு வார்த்தையால் நின்றான் என்று சொல்லவில்லை, வீட்டு நிலைமை அப்படி. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பதிலை நான் தெரிந்துகொண்டது பிற்பாடு, டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் குடும்ப வரலாற்றைப் படித்தபோது. அவருடைய முன்னோர்கள் ராமேஸ்வரத்தில் வசதியாக இருந்த மரைக்காயர் குடும்பம். இலங்கையோடு வியாபாரம், கரைக்கும் தீவுக்கும் இடையே ஆட்களைத் தோணியில் ஏற்றிச் செல்வது, இதெல்லாம் தொழில். மரக்கலத்தோடு தொடர்புடையது மரைக்காயர் என்ற பெயரே. 1914-ல் பாலம் திறந்தது. தொழில் படுத்தது. காலப்போக்கில் சொத்தும் போனது. கலாம் பிறந்த 1931-ல் வீட்டில் மிஞ்சியது பழைய பெருமையும் பூர்வீக வீடும்தான். அவருடைய தந்தை பின்னாளில் ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்ரீகர்களுக்குப் படகு விட்டதையும், அந்தப் படகு புயலில் போனதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். பெரியவர்களாக இருந்த குடும்பத்துக்கே அந்த நிலை என்றால், அன்றன்றைக்குத் துடுப்புப் போட்டு அன்றன்றைக்குச் சாப்பிட்டவர்களுக்கு என்ன ஆகியிருக்கும்? என் மாணவனின் கேள்விக்குப் பதில் அதுதான். பாலம் வந்ததும் அவருக்குப் பிழைப்புப் போயிற்று. எங்கள் வீட்டுக்குச் சோறு வந்தது.

இதைச் சொல்வதால் பாலம் கூடாது என்று அர்த்தமில்லை. பாலத்தால் எத்தனை லட்சம் பேர் பயனடைந்தார்கள்.  தோட்டத் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புச் சோதனை முடித்து, இந்தப் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடியில் கப்பல் ஏறினார்கள். நல்லது நடக்கும்போது யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுக்கிறார், அந்தப் பெயரையும் பாடத்தில் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

1964-க்கு வருகிறேன். அந்த வருஷம் அக்டோபர் 30-ல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று இரண்டு அரசுகளும் முடிவு செய்தன. அடுத்த இரண்டு மாதத்துக்குள், டிசம்பர் 22 இரவு, புயல். எனக்கு 14 வயது. மண்டபத்தில் எங்கள் வீட்டு ஓடு ஒவ்வொன்றாகப் பறந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்றிரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைக் கடல் அப்படியே விழுங்கியது. நூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி என்ற ஊரே இல்லாமல் போனது. பாலத்தின் 145 கர்டர்களில் 126 அடித்துச் செல்லப்பட்டன. நடுவே இருந்த தூக்குப் பாலம் மட்டும் அசையாமல் நின்றது. கலங்களுக்கு வழி விடுவதற்காகச் செய்த பகுதி எதுவோ, அதுதான் பிழைத்தது.

சீரமைக்கும் பொறுப்பு 32 வயது இளைஞர் ஒருவரிடம் வந்தது. அவர்தான் பின்னாளில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டிய ஸ்ரீதரன். முதலில் ஆறு மாதக் கெடு, பிறகு அது மூன்று மாதமாகக் குறைந்தது. அவர் 46 நாளில் முடித்தார். எல்லோருக்கும் தெரிந்த கதை இது. எப்படி முடிந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அத்தனை கர்டரையும் புதிதாகச் செய்து கொண்டுவர நேரமில்லை. கடலுக்குள் விழுந்தவற்றையே தேடி எடுத்துப் பொருத்த முடிவு செய்தார்கள். கடலுக்குள் எங்கே கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மீனவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொன்ன அடையாளத்தை வைத்துத்தான் தேடி எடுத்தார்கள். அப்பா அந்த 46 நாளும் வீட்டுக்குச் சரியாக வரவில்லை. வந்த ஒரு நாளில் அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "நீரோட்டம் தெரிஞ்சவன் வந்து கையைக் காட்டுறான், அங்க இரும்பு கெடக்குது." எந்தப் பாலத்தால் தோணிக்காரன் துறையை இழந்தானோ, அந்தப் பாலத்தையே கடலிலிருந்து எடுத்துக் கொடுத்ததிலும் தோணி ஓட்டிய மக்களின் கண் இருந்தது. பாடப்புத்தகத்தில் இது இல்லை.

பாலம் மீண்டது. தனுஷ்கோடி மீளவில்லை. அதன் பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து புறப்பட்டது. ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மக்கள் ராமானுஜம் கப்பலில் வந்து இறங்கி, இதே பாலத்தைக் கடந்து மண்டபம் முகாமுக்குப் போனார்கள். பாட்டன் பூட்டன் அந்தப் பக்கம் போன வழியில் பேரப்பிள்ளைகள் இந்தப் பக்கம் திரும்பி வந்தார்கள். என் வகுப்பிலும் அப்படி வந்த பிள்ளைகள் இருந்தார்கள். இதைப் படிக்கும் சிலர் அவர்களே.

பிறகு நடந்தவை உங்களுக்கே தெரியும். 1988 அக்டோபர் 2-ல் சாலைப் பாலம் திறந்தார்கள். அதுவரை தீவுக்குப் பஸ் கிடையாது, காரைக்கூட ரயிலில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். 2007-ல் பழைய ரயில் பாலம் அகலப் பாதைக்கு மாறியது. அதற்குக் கலாம் அவர்களின் அக்கறையும் ஒரு காரணம். 2022 டிசம்பரோடு பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறக்கப்பட்டது. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி முழுவதும் மோட்டார் விசையில் 17 மீட்டர் உயரத்துக்கு நேராக மேலே போகிறது. இந்தியாவில் இப்படிச் செங்குத்தாக உயரும் கடல் பாலம் இதுவே முதல். திறப்பு விழாவில் பாலத்தில் ரயில் போனது, பாலம் உயர்ந்ததும் அடியில் கடலோரக் காவல்படைக் கப்பல் ஒன்று போனது. இரண்டையும் சேர்த்துச் செய்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

திறந்த சில வாரம் கழித்து நான் பாம்பன் போயிருந்தேன். சாலைப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது நரைத்த தாடியோடு ஒருவர் வந்து, "சார், அடையாளம் தெரியுதா?" என்றார். கடைசிப் பெஞ்சுப் பையன். இப்போது மண்டபத்தில் சொந்தமாக ஒரு விசைப்படகு வைத்திருக்கிறார். ஒரு மகள் நர்சிங் படித்து மதுரையில் வேலை பார்க்கிறாள். நான் அந்தப் பழைய கேள்வியை நினைவுபடுத்தினேன். அவருக்கு நினைவே இல்லை! இருந்தாலும் நான் பதிலைச் சொன்னேன். அன்றைக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும், சிரித்தது தப்பு என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கீழே கால்வாயைக் காட்டி, "நாங்க இன்னும் போய்க்கிட்டுத்தான் சார் இருக்கோம்" என்றார். இருவரும் கடை வரை நடந்துபோய் டீ குடித்தோம். காசு கொடுக்க என்னை விடவில்லை.

என் பேரனுக்குப் பதில் இதுதான். பாலத்தை ஏன் தூக்க வேண்டும் என்றால், அந்தத் தண்ணீர்ப் பாதை பாலத்துக்கு மூத்தது. மூத்தவர் வரும்போது இளையவர் எழுந்து வழிவிடுவது நம் வழக்கம். 1914-ல் கட்டியவர்கள் தோணிக்காரரின் பிழைப்பைப் பற்றி யோசிக்கவில்லை, ஆனால் கலங்களின் வழியை அடைக்கவில்லை. அதனால்தான் அந்தக் கால்வாய் இன்றும் உயிரோடு இருக்கிறது. புதிதாக எதைக் கட்டினாலும் அதற்கு முன் அங்கே யார் போய்க்கொண்டிருந்தார்கள் என்று ஒரு தடவை கேட்டுவிட்டுக் கட்டுங்கள். உங்களில் பொறியாளர்கள் பலர் இருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

ஒரு வீட்டுப்பாடமும் உண்டு. உங்கள் வீட்டில் யாராவது தோணியில் பாம்பன் கடந்ததாகவோ, தோணி ஓட்டியதாகவோ, தனுஷ்கோடியில் கப்பல் ஏறியதாகவோ, ராமானுஜம் கப்பலில் வந்து இறங்கியதாகவோ பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தால் கீழே எழுதுங்கள். இரண்டு வரி போதும். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

அடுத்த முறை ரயிலில் பாம்பனைக் கடக்கும்போது பிள்ளைகளிடம் பாலத்தைக் காட்டுங்கள். கீழே போகும் படகையும் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்